காதுக்குப் பழகாத சுரம்

கேள்வி: அரபு இசையில் பாடகர் சுருதி விலகுவதுபோலவே படுகிறது. ரசிகர்களோ உருகுகிறார்கள். குறை பாட்டிலா, என் காதிலா?

பதில்: இரண்டிலும் இல்லை, பழக்கத்தில்தான். பியானோவில் ஒரு ஸ்தாயிக்கு (ஒரு ‘ச’-விலிருந்து அடுத்த மேல் ‘ச’ வரை) 12 சம இடைவெளிகள். ஒவ்வொன்றும் 100 சென்ட் (சென்ட் என்பது சுர இடைவெளியை அளக்கும் அலகு). ஆதார சுருதியிலிருந்து அளந்தால் மூன்றாம் சுரம் 300-லோ 400-லோ நிற்கும். ராஸ்த் என்ற அரபு மகாமில் (மகாம் நம் ராகம் போன்றது) அது 350-ஐ ஒட்டி, ஊருக்கு ஊர் சற்றே ஏறி இறங்கி நிற்கிறது. பியானோவுக்குப் பழகிய காது அதைப் பக்கத்துச் சுரத்தின் பிழையாகக் கணக்குப் போடுகிறது.

ஒரே பாட்டை ஒரு வாரம் தினமும் கேளுங்கள், ஐந்து நிமிடம் போதும். முதலில் ஆதார சுருதியை முனகிப் பிடித்துக்கொள்ளுங்கள். அது பிடிபடாவிட்டால் மற்ற சுரங்கள் அந்தரத்தில் தொங்கும். தினம் ஒரு புதுப் பாட்டுக்குத் தாவினால் எதுவும் பதியாது. அப்புறமும் ஒட்டவில்லையா, தாராளமாக விட்டுவிடுங்கள்.