ஜனவரியில் கொடசாத்ரி ட்ரெக்கிங் போகிறோம். உண்ணி கடிக்காமல் இருக்க என்ன செய்யலாம்? கடித்துவிட்டால்?

மேற்குத் தொடர்ச்சி மலையில் மழைக்கு அட்டை, மழை ஓய்ந்தால் உண்ணி. ஜனவரி உண்ணியின் காலம். அதுவும் நீங்கள் போகும் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் கொஞ்சம் கூடுதலாகவே கவனம் வேண்டும். 1957-இல் அந்த மாவட்டத்தின் க்யாசனூர் காட்டில் குரங்குகள் அடுத்தடுத்துச் செத்து, காட்டோர ஊர்க்காரர்களுக்கும் காய்ச்சல் கண்டபோதுதான் உண்ணி பரப்பும் ஒரு வைரஸ் பிடிபட்டது. அது தரும் காய்ச்சலை அங்கே 'மங்கன காயிலே' என்பார்கள், நமக்குக் குரங்குக் காய்ச்சல். 2012-13-இல் பந்திப்பூர், முதுமலை, வயநாடு வரை வந்துவிட்டது. முன்பு போட்டுவந்த தடுப்பூசி பலன் குறைந்து நிறுத்தப்பட்டுவிட்டதால், உங்களுக்குத் துணை உடையும் உடல் சோதனையும்தான்.

டிசம்பரிலிருந்து மே வரை சருகுக்குள் இளம் உண்ணிகள் நிறைந்திருக்கும். கசகசா அளவுதான் இருக்கும், ஆளைக் கடிப்பது பெரும்பாலும் இவைதான். உண்ணி பறக்காது, குதிக்காது, மரத்திலிருந்து தலையில் விழவும் விழாது. புல் நுனியிலோ சருகு ஓரத்திலோ பின்னங்கால்களால் பிடித்துக்கொண்டு, முன்னங்கால் இரண்டையும் காற்றில் நீட்டியபடி காத்திருக்கும். உங்கள் மூச்சும் உடல் சூடும் அதற்குத் தெரியும். உரசினால் தொற்றிக்கொண்டு மேலே ஏற ஆரம்பிக்கும்.

ஆக, அடைக்க வேண்டிய வாசல் கணுக்கால். வெளிர் நிற முழு பேன்ட் போடுங்கள், கசகசா ஊர்வது தெரியும். பேன்ட்டின் கீழ்முனையைக் காலுறைக்குள்ளும் சட்டையைப் பேன்ட்டுக்குள்ளும் செருகுங்கள். அட்டைக்குப் போடும் நெருக்கமான நெசவுக் காலுறை இதற்கும் நல்லதுதான். ஆனால் அதன் மேல்விளிம்பைத் தாண்டி ஏறுவது உண்ணிக்குப் பெரிய விஷயமில்லை. விளிம்புக்குக் கீழே அகலமான டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி ஒரு சுற்று சுற்றிவிடுங்கள், ஏறுவது அதில் மாட்டும். பார்க்க நன்றாக இருக்காது, பரவாயில்லை.

தோலில் தடவும் பூச்சிவிரட்டியில் டீட் 20 முதல் 30 சதவீதம், அல்லது பிகாரிடின் 20 சதவீதம் இருக்க வேண்டும். கொசுவுக்கு வாங்கிய கிரீம் எல்லாம் ஒன்றல்ல, லேபிளில் மருந்தின் பெயரையும் சதவீதத்தையும் பாருங்கள். சன்ஸ்கிரீன் போடுவதென்றால் அது முதலில், டீட் அதற்கு மேல். நாலைந்து மணி நேரத்துக்கு மேல் நம்ப வேண்டாம், வியர்த்தால் அதற்கு முன்பே தடவுங்கள். டீட் பட்டால் பிளாஸ்டிக் கண்ணாடி, வாட்ச் எல்லாம் கெட்டுப்போகும். துணிக்கு 0.5 சதவீத பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி ஸ்பிரே கிடைத்தால் ஷூ, காலுறை, பேன்ட்டில் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். தோலில் அடிக்கக் கூடாது. சிரங்குக்குத் தரும் பெர்மெத்ரின் கிரீம் இதற்கு மாற்று இல்லை. மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தை மேலே பூசிக்கொள்ளும் வீரமும் வேண்டாம்.

சருகின் மேல் நேராக உட்காராதீர்கள், படுக்காதீர்கள். மாடு நடக்கும் தடத்தில் உண்ணி அதிகம். செத்த குரங்கைப் பார்த்தால் போட்டோ எடுக்கக்கூட அருகில் போகாதீர்கள். உடல் குளிர்ந்ததும் அதிலிருந்த உண்ணிகள் இறங்கி அந்த இடத்திலேயே அடுத்த ஆளுக்குக் காத்திருக்கும். சுற்றி 50 மீட்டருக்கு மாலத்தியான் என்ற பூச்சிக்கொல்லித் தூள் தூவுவது அதனால்தான். தள்ளி வந்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

இறங்கியதும் இரண்டு மணி நேரத்துக்குள் குளியல். குளிக்கும்போதே விரலால் தடவிப் பாருங்கள்: முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, இடுப்பில் பெல்ட் பதியும் கோடு, தொப்புள், அக்குள், காதுக்குப் பின், தலைமுடி ஓரம். துணியைப் பச்சைத் தண்ணீரில் துவைத்தால் உண்ணி சாகாது. கொதிக்கிற தண்ணீரில் ஊறவையுங்கள்.

கடித்துக்கொண்டிருந்தால் மெல்லிய கூர்முனை ட்வீசர் வேண்டும். புருவத்துக்கு வைத்திருக்கும் அகல முனை பிளக்கர் வயிற்றைத்தான் பிடிக்கும், பிடித்தால் உள்ளே இருப்பது கடிவாய்க்குள் பிதுங்கும். தோலை ஒட்டி, வாய்ப்பகுதியைப் பிடித்து, திருகாமல், ஒரே சீராக நேர்மேலே இழுங்கள். தோல் கூடாரம் போல எழும்பும். அவசரப்படாமல் அப்படியே பிடித்திருந்தால் விட்டுவிடும். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், தீக்குச்சி, வாஸ்லின் எதுவும் வேண்டாம், அதுவாக விடும்வரை காத்திருக்கும் நேரமெல்லாம் கடி நேரம். வாய்த்துணுக்கு உள்ளே தங்கினால் நோண்டாதீர்கள், தானாக வெளியேறும். சோப்பு போட்டுக் கழுவி ஸ்பிரிட் வையுங்கள். நகத்தால் நசுக்காமல் டேப்பில் ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். 'ஒரு நாள் ஒட்டியிருந்தால்தான் ஆபத்து' என்று படித்திருப்பீர்கள். அது அமெரிக்காவில் உண்ணி பரப்பும் லைம் என்ற வேறொரு நோயின் கணக்கு, இந்த வைரஸுக்கு அதை நம்பி இருக்காதீர்கள்.

குரங்குக் காய்ச்சல் வந்தால் கடித்த மூன்றிலிருந்து எட்டு நாளில் வரும்: திடீர்க் குளிர்காய்ச்சல், மண்டையிடி, கடுமையான உடம்புவலி, வாந்தி. சில நாளில் மூக்கிலோ ஈறிலோ ரத்தம் கசியலாம். நூறில் மூன்று முதல் ஐந்து பேர் இறக்கிறார்கள். வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை, ஆனால் நீர்ச்சத்தும் ரத்தக்கசிவும் கவனிக்கப்பட்டால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். வலிக்கு ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் எடுக்காதீர்கள். பாராசிட்டமால் மட்டும்.

இன்னொரு குழப்பம். நம் செய்தித்தாள்கள் 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதுவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ் என்ற வேறொரு நோயை. அதைப் பரப்புவது உண்ணி அல்ல, கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் வலியில்லாத கருப்புப் பொருக்கு இருக்கலாம். அதற்கு டாக்ஸிசைக்ளின் நன்றாகக் கேட்கும், குரங்குக் காய்ச்சலுக்குக் கேட்காது. ஊர் திரும்பிக் காய்ச்சல் வந்தால் டெங்கு டெஸ்டோடு நிறுத்தாமல், "கொடசாத்ரி போனேன், இந்தத் தேதியில், உண்ணி கடித்தது" என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்கத் தோன்றாத கேள்வி அது.