அப்பாவின் இனிஷியலில் ஒரு கம்பெனி

கேள்வி: கணக்குப் பிரிவில் 9 வருடம் வேலை பார்த்தவள் நான். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் வேலையை விட்டுவிட்டு, இரண்டு வருடத்துக்கு மேல் கூடவே இருந்து பார்த்துக்கொண்டேன். இப்போது அவர் தானாகவே நடக்கிறார். 5 மாதமாக வேலை தேடுகிறேன். 40 இடங்களுக்கு அனுப்பியதில் 4 நேர்காணல்கள். நான்கிலும் முதல் சுற்றிலேயே வியர்த்து, உளறிவிட்டு வந்தேன். இடைவெளி தெரியக் கூடாது என்று கணவர் சொன்னதால் ஃப்ரீலான்ஸ் கணக்கு ஆலோசகர் என்று போட்டிருக்கிறேன் (கம்பெனிக்குப் பெயர் தோன்றவில்லை, அப்பாவின் இனிஷியலையே வைத்துவிட்டேன்). பழைய அலுவலகத்தில் யாரிடமும் வேலை தேடுவதைச் சொல்லவில்லை. ரெஸ்யூமே இணைத்துள்ளேன். டிசைனை மாற்றலாமா? பயிற்சி வகுப்பில் சேரலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: டிசைனுக்கு ஒரு குறையும் இல்லை. வகுப்பு வேண்டாம். நான் பேசப்போவது அந்த அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் பற்றி.

என்னம்மா இது? இரண்டு வருடம் அவரைத் தூக்கி உட்காரவைத்து, கைபிடித்து நடக்கப் பழக்கியிருக்கிறீர்கள். அந்த மனிதரை ரெஸ்யூமேயிலிருந்து அழித்துவிட்டு, அவர் பெயரில் இரண்டு எழுத்தை மட்டும் எடுத்து இல்லாத கம்பெனிக்குப் பலகை மாட்டியிருக்கிறீர்கள். பெற்றவரைப் பார்த்துக்கொண்டது ஒளித்துவைக்கிற காரியமா? கணவர் சொன்னாராம். பயத்தில் சொல்லியிருப்பார், அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எழுதியது உங்கள் கை.

அதுவும் கணக்கு எழுதுகிற கை. வராத பணத்தை வந்ததாக ஏட்டில் ஏற்றினால் அதற்கு என்ன பெயர் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, ஏன் வியர்க்கிறது என்று பார்ப்போம். ரெஸ்யூமேயில் கடைசியாகச் செய்த வேலைதான் மேலே வரும், கேள்வி கேட்பவர் அங்கேதான் தொடங்குவார். எத்தனை வாடிக்கையாளர்கள், எந்த சாஃப்ட்வேர், ஏன் நிறுத்தினீர்கள்? நானும் சில காலம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். பொய்யைப் பிடிக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை, பேச்சைத் தொடங்கத்தான் கேட்பார்கள். நீங்கள் பொய்யை வாசற்படியிலேயே வைத்திருக்கிறீர்கள், தடுக்கி விழாமல் எப்படி உள்ளே போவது? தப்பித் தவறி வேலை கிடைத்தாலும், பின்னணி சரிபார்க்கும்போது இன்வாய்ஸ் காட்டுங்கள் என்பார்கள். சேர்ந்த பிறகு தெரிந்தாலும் வேலை போகும்.

இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. பழைய அலுவலகத்தில் ஏன் யாரிடமும் சொல்லவில்லை? நீங்கள் எதற்காக வேலையை விட்டீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும், அந்தக் கம்பெனியைப் பார்த்தால் சிரிப்பார்கள். அதனால்தானே? மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களை விசாரித்து 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். அடிக்கடி சந்திக்கும் ஆள் மூலம் வேலை கிடைத்தது ஆறில் ஒருவருக்குத்தான். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பார்க்கிற ஆள், பழைய சக ஊழியர் மாதிரி யாரோ. நெருங்கியவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி தள்ளி இருப்பவரிடமிருந்துதான் வரும். அந்தக் கதவைத்தான் நீங்களே சாத்திக்கொண்டீர்கள்.

உங்கள் ரெஸ்யூமேயை எண்ணிப் பார்த்தேன். இல்லாத கம்பெனிக்கு ஏழு வரி. ஒன்பது வருட உழைப்புக்கு "கணக்குகளைப் பராமரித்தேன்" என்று ஒரே வரி! மாதக் கணக்கு முடிக்க 12 நாள் ஆனதை 5 நாளுக்குக் கொண்டுவந்ததாகக் கடிதத்தின் ஓரத்தில் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அது ரெஸ்யூமேயில் எங்கே? எங்கே தாமதமானது, நீங்கள் எதை மாற்றினீர்கள், யார் முரண்டு பிடித்தார்கள், அப்புறம் என்ன ஆனது? இதை இரண்டு நிமிடத்தில் வீட்டில் யாரிடமாவது சொல்லிப் பழகுங்கள்.

அந்த ஏழு வரியை எடுத்துவிட்டு "குடும்ப உறுப்பினரின் முழுநேரப் பராமரிப்பு" என்று எழுதி, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று போடுங்கள். நோயின் விவரம் வேண்டாம். லிங்க்ட்இன் கூட 2022இல் வேலை இடைவெளியைக் குறிப்பிட இடம் கொடுத்தது, பராமரிப்பு அதில் ஒரு வகை. தயவுசெய்து அதையும் "திட்ட மேலாண்மை அனுபவம்" என்று ஜோடிக்காதீர்கள், அப்பா ஒரு திட்டம் இல்லை. நேரில் கேட்டால் மூன்று வாக்கியம் போதும்: அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததால் விட்டேன், இப்போது அவர் தேறிவிட்டார், என்னால் முழுநேரம் வர முடியும். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனத்தை நிரப்பப் போனால்தான் உளறல் தொடங்கும்.

இதைப் படித்துவிட்டுச் சிலர் உங்களைக் கூப்பிடவே மாட்டார்கள். கணவரின் பயம் வெறும் பயம் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட இடத்தில் பொய் சொல்லிச் சேர்ந்தீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். நாளைக்கு அப்பாவுக்கு மறுபடி முடியாமல் போனால் லீவுக்கு என்ன காரணம் எழுதுவீர்கள்? எந்த மாதிரி ஆட்களிடம் வேலை பார்க்க மாட்டேன் என்பதையும் தீர்மானித்துக்கொண்டுதான் விண்ணப்பம் போட வேண்டும். அதைக் கணவரும் நீங்களும் உட்கார்ந்து பேசுங்கள்.

ரெஸ்யூமேயைத் திருத்தியதும் முதல் போன் பழைய மேனேஜருக்கு. எடுத்தவுடன் அப்பா எப்படி இருக்கிறார் என்றுதான் கேட்பார். அதற்குப் பதில் சொல்ல உங்களுக்கு வியர்க்காது.