இத்தாலிய மொழியில் ‘பியாச்சேரே’ என்ற வினையை எப்படிப் பயன்படுத்துவது? ‘நான்’ அதில் ஏன் வருவதில்லை?

ஆங்கிலம் வழியாக இத்தாலியம் கற்பவர்களைத் திணறவைக்கும் வினை இது. தமிழர்களுக்கு அந்தத் திணறல் வேண்டியதே இல்லை. ‘மீ பியாச்சே இல் காஃபே’ என்பதை ‘எனக்குக் காப்பி பிடிக்கும்’ என்று நேராகப் படியுங்கள். ‘மீ’ இங்கே ‘எனக்கு’, ‘தீ’ என்றால் ‘உனக்கு’. ‘லே’ அவளுக்கும் ஆகும். மரியாதையாக ‘உங்களுக்கு’ என்று கேட்கவும் ஆகும். நான் படித்த பாடநூல் இதை ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக விளக்கியது. நம்முடைய நான்காம் வேற்றுமையை நினைத்துக்கொண்டால் ஒரு வரியில் முடிந்துவிடும்.

கவனம் வேண்டியது இரு மொழிகளும் பிரியும் இடத்தில்தான். தமிழில் காப்பியானாலும் புத்தகங்களானாலும் ‘பிடிக்கும்’ மாறாது. இத்தாலியத்தில் பிடித்த பொருளே எழுவாய் என்பதால் வினை அதற்கேற்ப மாறும். புத்தகங்கள் என்றால் ‘மீ பியாச்சொனோ ஈ லீப்ரி’. படிப்பது பிடிக்கும் என்று ஒரு செயலைச் சொன்னால் மீண்டும் ஒருமை: ‘மீ பியாச்சே லெஜ்ஜெரே’.

ஆட்களைப் பற்றிப் பேசும்போது வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. ‘எனக்கு உன்னைப் பிடிக்கும்’ என்று நாம் சொல்வதில் ‘உன்னை’ செயப்படுபொருள். அவர்களுக்கு ‘நீ’தான் எழுவாய், வினையும் முன்னிலைக்கு மாறி ‘மீ பியாச்சி’ ஆகிவிடும். ‘உனக்கு என்னைப் பிடிக்குமா?’ என்பதற்கு வினை தன்மையில் வரும்: ‘தீ பியாச்சோ?’ இவற்றைக் கண்டவரிடமெல்லாம் சொல்லிவிடாதீர்கள். பெரும்பாலும் காதல் ஈர்ப்பாகவே எடுத்துக்கொள்வார்கள். அம்மாவிடமும் நண்பரிடமும் பாசத்தைச் சொல்ல ‘தீ வொல்யோ பேனே’ என்ற அழகான தொடர் இருக்கிறது.

இறந்தகாலத்தில் துணைவினை ‘எஸ்ஸெரே’ (‘இரு’ என்ற வினை; கீழே வரும் ‘ஏ’ அதன் வடிவம்). அதனால் பிடித்த பொருளின் பாலும் ஒட்டிக்கொள்ளும். திரைப்படம் அவர்களுக்கு ஆண்பால்: ‘மீ ஏ பியாச்சூத்தோ இல் ஃபில்ம்’. பீட்ஸா பெண்பால்: ‘மீ ஏ பியாச்சூத்தா லா பீட்ஸா’. சொல்பவர் ஆணா பெண்ணா என்பதற்கு இங்கே வேலையில்லை.

பிடிக்கவில்லை என்று சொல்ல முன்னால் ‘நோன்’ சேர்த்தால் போதும்: ‘நோன் மீ பியாச்சே’. ‘மீ திஸ்பியாச்சே’ என்பதை இதன் எதிர்ச்சொல் என்று நினைத்துவிடக் கூடாது. அதன் பொருள் ‘வருந்துகிறேன்’. அழைப்புக்கு வர இயலாதபோதும் துக்கம் விசாரிக்கும்போதும் சொல்வது அது. கூட்டத்தில் முன்பின் தெரியாதவரிடம் வழிவிடக் கேட்க அது பொருந்தாது; அங்கே ‘ஸ்கூஸி’ என்று சொல்லுங்கள்.