கிராம்பு எண்ணெயை அரோமாதெரபியில் (வாசனை எண்ணெய்களைக் கொண்டு செய்யும் பராமரிப்பில்) எப்படிப் பயன்படுத்துவது? நேரடியாகத் தோலில் தடவலாமா?

நேரடியாகத் தடவவே கூடாது. கிராம்பு எண்ணெயின் பெரும்பகுதி யூஜெனால். பல்வலியை மரத்துப்போக வைக்கிற அதே பொருள்தான் தோலையும் எரிய வைக்கிறது. பல் மருத்துவர்கள் தற்காலிகமாகப் பல்லை அடைக்கும்போது துத்தநாக ஆக்சைடுடன் இதைக் கலப்பதுண்டு.

கை கால் வலிக்குத் தேய்க்க, 30 மி.லி. நல்லெண்ணெயில் 3 சொட்டு போதும். முதலில் முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். வாசனைக்கு என்றால் டிஃப்யூசரில் (அறையில் மணம் பரப்பும் கருவியில்) 2 சொட்டு, கூடவே கொஞ்சம் ஆரஞ்சு எண்ணெய். மழைக்காலத்து ஈர வாடைக்கு அருமையாக இருக்கும். சளியைக் குணமாக்கும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

அப்புறம், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் கல்லீரலே பாதிக்கப்படலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.