சின்பயாட்டிக் பவுடர் சாப்பிட்டா சுகர் மாத்திரைய விட்டுடலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 52 வயசு, ஆறு வருஷமா சுகர், மெட்ஃபார்மின் போடுறார். மெடிக்கல் ஷாப்ல சின்பயாட்டிக்னு ஒரு பவுடர் பாக்கெட் குடுத்து, இதுவே சுகர குறைச்சிடும்னு சொன்னாங்களாம், பத்து நாளா மாத்திரையே போடல. சொன்னா சண்டைக்கு வர்றார். இது நெசமா டாக்டர்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: முதல்ல அந்த மாத்திரைம்மா. இன்னிக்கே உங்க டாக்டருக்கு போன் பண்ணி பத்து நாள் நிறுத்தினத மறைக்காம சொல்லி, அவர் சொல்றபடி திரும்ப ஆரம்பிக்கச் சொல்லுங்க, வெறும் வயித்துல சுகர் ஒரு தடவ பாத்துடுங்க. மத்தது அப்புறம்.

நல்ல கிருமிய உயிரோட குடுத்தா ப்ரோபயாட்டிக், அந்த மாதிரி கிருமி திங்கிற நார்ச்சத்து ப்ரீபயாட்டிக், ரெண்டும் சேந்தா சின்பயாட்டிக், 1995லயே வந்த பேரு இது. நமக்கு செரிக்காத நாரை பெருங்குடல்ல கிருமிங்க புளிக்க வச்சு ப்யூட்டிரேட் மாதிரி அமிலங்கள உண்டாக்கும், அது குடல் சுவருக்கு நல்லது, சாப்பிட்டதும் இன்சுலின் சுரக்க உதவுற ஜிஎல்பி-1ங்கிற ஹார்மோனையும் தூண்டும், சுகருக்கும் இதுக்கும் சம்பந்தம் அங்கதான் வருது. ஆராய்ச்சிகள்ல சில பேருக்கு வெறும் வயித்து சுகர் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, சில பேருக்கு ஒண்ணுமே மாறல. அதனால மாத்திரையோட சேத்து எடுக்கலாம், மாத்திரைக்கு பதிலா கூடவே கூடாது.

பாக்கெட்ட திருப்பிப் பாருங்க. கிருமி பேரு முழுசா, லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸ் ஜிஜின்னு கடைசி எழுத்து வரைக்கும் போட்டிருக்கா? நார் எவ்ளோ? சிலதுல 100 மில்லிகிராம்தான் இருக்கும், ஆராய்ச்சில இன்யூலின்ங்கிற நார குடுத்ததெல்லாம் பெரும்பாலும் கிராம் கணக்குல. 100 மில்லிகிராம் நார வச்சு குடல் கிருமிக்கு என்ன தீனி போட முடியும், எனக்கு வருத்தமா இருக்கறது இதுக்கு நீங்க குடுக்கற காசுதான்.

வீட்லயே வழி இருக்கும்மா. சீனி போடாத மோர்ல சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு குடிக்கலாம், மோர்ல கிருமி, வெங்காயத்துல அதுக்கு தீனி. பழைய சோறும் நல்லதுதான், ஆனா சோறு சோறுதான், சுகர்காரங்க அளவா ஒரு கரண்டியோட நிறுத்தணும். இட்லி மாவுல கிருமி நிறைய இருக்கும், ஆவில வெந்ததும் செத்துடும், அதனால இட்லிய இந்தக் கணக்குல சேக்காதீங்க.

பவுடரே வேணும்னா ஆரம்பத்துல வயிறு உப்பும், கேஸ் வரும், கொஞ்சமா தொடங்கச் சொல்லுங்க. கேன்சர் ட்ரீட்மெண்ட்ல இருக்கறவங்க, உறுப்பு மாத்தினவங்க டாக்டர கேக்காம தொடவே வேணாம். மூணு மாசம் கழிச்சு, மூணு மாச சராசரி சுகர காட்டுற ஹெச்பிஏ1சி டெஸ்ட் எடுத்துட்டு, அந்த பாக்கெட்டையும் கையோட எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க.