எதிரி மீறினால் நாமும் மீறலாமா?

கேள்வி: "எதிரி மருத்துவமனைக்குள் பதுங்கிக்கொண்டு சுடுகிறான், பொதுமக்களைக் கேடயமாக நிறுத்துகிறான். அவன் மதிக்காத சட்டத்தை அவனோடு மோதும் ராணுவம் மட்டும் ஏன் மதிக்க வேண்டும்? ஜெனீவா ஒப்பந்தங்கள் எல்லாம் ஜெயித்தவர்கள் தோற்றவர்களைத் தண்டிக்க எழுதிக்கொண்டவை. வல்லரசுகளே அவற்றை மதிப்பதில்லை. கிழித்துப் போட்டுவிட்டு வெளிப்படையாகப் போர் செய்தால் என்ன?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் எதிரி இருக்கிறான், ராணுவம் இருக்கிறது, வல்லரசுகள் இருக்கின்றன. அந்த மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளி மட்டும் எங்குமே இல்லை. உங்கள் வாதம் பிசகுவது அங்கேதான்.

போர்ச் சட்டத்தை இரண்டு படைகளுக்கு இடையிலான கொடுக்கல் வாங்கலாக எண்ணுகிறீர்கள். நீ முறித்தால் நானும் முறிப்பேன் என்பது வியாபார ஒப்பந்தத்துக்குப் பொருந்தும். 1949-இல் கையெழுத்தான நான்கு ஜெனீவா ஒப்பந்தங்களும் முதல் பிரிவிலேயே அந்தக் கதவைச் சாத்திவிட்டன. 'எல்லாச் சூழ்நிலைகளிலும்' மதிப்போம் என்றுதான் நாடுகள் ஒப்புக்கொண்டன. எதிரி மதிக்கும்வரை மதிப்போம் என்று யாரும் எழுதவில்லை. 1977-இல் அவற்றோடு சேர்க்கப்பட்ட முதல் கூடுதல் நெறிமுறை இன்னும் கறாரானது. அதன் 51-ஆவது பிரிவில் 7-ஆம் உட்பிரிவு, பொதுமக்களைக் கேடயமாக்குவதைத் தடை செய்கிறது. அதற்கு அடுத்த உட்பிரிவே, ஒரு தரப்பு இப்படி மீறினாலும் பொதுமக்கள் விஷயத்தில் மறுதரப்பின் கடமை தீர்ந்துவிடாது என்கிறது. உங்கள் கேள்வி வரும் என்று தெரிந்தே எழுதியிருக்கிறார்கள். அந்தப் பாதுகாப்பு நோயாளியினுடையது. அவர் எதையும் மீறவில்லை.

நீதிமன்றத்திலும் இதே வாதத்தை வைத்துப் பார்த்தார்கள். 1993 ஏப்ரலில் மத்திய போஸ்னியாவின் அஹ்மிச்சி கிராமத்தில், போஸ்னியக் குரோவத்தியப் படையினர் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம் கிராமத்தவர்களைக் கொன்றார்கள். அந்த வழக்கு முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயத்துக்கு வந்தபோது, முஸ்லிம் படையினரும் குரோவத்தியர்களுக்கு இதைத்தானே செய்தார்கள் என்று காட்டப் பிரதிவாதித் தரப்பு முயன்றது. 'நீயும் செய்தாய்' என்பது தற்காப்பு ஆகாது என்று 2000 ஜனவரியில் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது.

கிழித்துப் போட்டால் என்ன என்கிறீர்கள். என்ன ஆகும் என்று ஊகிக்கத் தேவையில்லை. அந்த விதிகள் இல்லாத காலத்துத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. லெனின்கிராடு நகரை ஜெர்மன் படை 1941 செப்டம்பரிலிருந்து 1944 ஜனவரிவரை முற்றுகையிட்டது. பல லட்சம் பொதுமக்கள் செத்தார்கள், பெரும்பாலும் பசியால். முற்றுகை தொடங்கியபோது அந்தப் படைத்தொகுதிக்குத் தலைவராக இருந்தவர் ஃபீல்டு மார்ஷல் வில்ஹெல்ம் ஃபான் லேப். போருக்குப் பிறகு நூரம்பெர்கில் அமெரிக்க நீதிபதிகள் முன்னால் நிறுத்தப்பட்டார். நகரைவிட்டு வெளியேற முயலும் மக்களைப் பீரங்கியால் சுட்டு உள்ளேயே திருப்பி விரட்ட வேண்டும் என்ற உத்தரவும் அவர் மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று.

1948-இல் நீதிபதிகள் அதற்கு என்ன சொன்னார்கள் தெரியுமா? முற்றுகையிட்ட நகரைப் பட்டினி போடுவதும், வெளியே வருபவர்களை உள்ளே விரட்டுவதும் அன்றைய போர் வழக்கத்துக்கு உட்பட்டவைதான். சட்டம் வேறு மாதிரி இருக்கக் கூடாதா என்று ஆசைப்படலாம், ஆனால் இருக்கிற சட்டத்தை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்ல முடியும் என்றார்கள். அந்த உத்தரவு குற்றமாகவில்லை. (வேறொரு குற்றத்துக்காக ஃபான் லேப் 3 ஆண்டுச் சிறை பெற்றார்.) அந்தப் பக்கங்களை என்னால் பதறாமல் படிக்க முடிந்ததில்லை. நீதிபதிகள் கல்நெஞ்சக்காரர்கள் என்று தோன்றவில்லை. அவர்கள் கையில் சட்டம் இல்லை, அவ்வளவுதான்.

1977 நெறிமுறையின் 54-ஆவது பிரிவுதான் பொதுமக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாகக் கையாளக் கூடாது என்று தடுத்தது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய 1998-இன் ரோம் சட்டம் அதைப் போர்க்குற்றம் ஆக்கியது. 2018 மே மாதம் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 2417-ஆம் தீர்மானத்தில் அதை ஒருமனதாகக் கண்டித்தது. 2024 நவம்பரில் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு மீதும் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் கல்லன்ட் மீதும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பிறப்பித்த பிடியாணையில், காஸா மக்களைப் பட்டினி போட்டது ஒரு குற்றச்சாட்டு. இஸ்ரேல் மறுக்கிறது, விசாரணை நடக்கவில்லை. இருந்தாலும், 1948-இல் குற்றமே இல்லை என்று விடப்பட்டது இன்று பிடியாணையில் ஏறியிருக்கிறது. நீங்கள் கிழிக்கச் சொல்வது இதையும் சேர்த்துத்தான்.

ஜெயித்தவன் சட்டம் என்று நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டேன். அதே நூரம்பெர்கில் ஜெர்மன் கடற்படைத் தளபதி டோனிட்ஸ் விசாரிக்கப்பட்டபோது, பசிபிக் கடலில் தாங்களும் முதல் நாளிலிருந்தே எச்சரிக்கை தராமல் கப்பல்களை மூழ்கடித்ததாக அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸ் எழுத்து மூலம் சாட்சியம் கொடுத்தார். நீர்மூழ்கிப் போர் விதிகளை மீறியதற்காக டோனிட்ஸுக்குத் தண்டனை தராமல் தீர்ப்பாயம் ஒதுங்கிக்கொண்டது. ஜெயித்தவர்கள் குண்டுவீசி அழித்த டிரெஸ்டனும் டோக்கியோவும் ஹிரோஷிமாவும் எந்தக் கூண்டிலும் ஏறவில்லை. ஆனால் அந்தக் கூடுதல் நெறிமுறையை எழுத 1974 முதல் 1977 வரை ஜெனீவாவில் கூடிய மாநாட்டில் காலனி ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகள் உட்கார்ந்திருந்தன, விடுதலை இயக்கங்களும் கலந்துகொண்டன. குண்டுக்குக் கீழே இருந்தவர்களின் பேச்சு அந்த நெறிமுறையில் கலந்திருக்கிறது. 1987-இல் அமெரிக்க அதிபர் ரீகன் அதை ஏற்க மறுத்தார். அமெரிக்கா இன்னும் சேரவில்லை. இஸ்ரேல், இந்தியா, பாகிஸ்தானும் சேரவில்லை. தனக்காகத் தானே எழுதிக்கொண்ட சட்டமென்றால் உலகின் மிக வலுவான ராணுவம் ஏன் வெளியே நிற்கிறது?

இனி மருத்துவமனை. உங்கள் கடிதத்தில் கனமான கேள்வி இதுதான். சட்டம் இங்கே கண்ணை மூடிக்கொள்ளவில்லை. எதிரிக்குத் தீங்கு செய்ய மருத்துவமனையைப் பயன்படுத்தினால் அதன் சிறப்புப் பாதுகாப்பு போகும் என்று நான்காம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 19-ஆவது பிரிவே சொல்கிறது. ஆனால் முதலில் எச்சரிக்க வேண்டும், நியாயமான அவகாசம் தர வேண்டும், அதையும் மதிக்காமல் போயிருக்க வேண்டும். காயம்பட்ட போராளிக்கு அங்கே கட்டுப்போடுவது தீங்கில் சேராது. அவனிடமிருந்து வாங்கி வைத்த துப்பாக்கி கிடப்பதும் சேராது. பாதுகாப்பு போன பிறகும் கட்டிலில் இருக்கும் நோயாளி பொதுமகனாகவே இருக்கிறார். கிடைக்கப்போகும் திட்டவட்டமான, நேரடியான ராணுவப் பயனைவிடப் பொதுமக்களுக்கு நேரும் சேதம் மிதமிஞ்சும் என்று தெரிந்தால் தாக்கக் கூடாது. இதைத்தான் விகிதாசார விதி என்கிறார்கள். இரு பக்கமும் பிணத்தை எண்ணிச் சமன் செய்வது என்று பலர் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

'உள்ளே எதிரி இருந்தான்' என்ற சொல்லை எடுத்த எடுப்பில் நம்பிவிடாதீர்கள். 2015 அக்டோபர் 3 அன்று ஆப்கானிஸ்தானின் குண்டூஸில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவமனையை அமெரிக்க விமானம் தாக்கியது. 42 பேர் இறந்தார்கள். உள்ளே தாலிபன்கள் இருந்ததாக ஆப்கன் அதிகாரிகள் சிலர் முதலில் சொன்னார்கள். கடைசியில் அமெரிக்க ராணுவத்தின் விசாரணையே, தாக்க நினைத்த கட்டடம் வேறு, அடையாளம் தவறிவிட்டது என்று முடிந்தது.

இப்போது எனக்குக் கவலை தருவது சட்டத்தையே மறுப்பவர்கள் அல்லர். சட்டத்தின் சொற்களை வாயில் வைத்துக்கொண்டே பொருளை உருவி எடுப்பவர்கள். 'ராணுவப் பயன்', 'தவிர்க்க முடியாத சேதம்' ஆகிய சொற்களை நாளுக்கு நாள் இழுத்து இழுத்து, எந்தக் குண்டும் அதற்குள் அடங்கும்படி செய்துவிடுகிறார்கள். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் உறுப்பு நாடுகள் செய்வதும் குறைந்ததல்ல. பிடியாணை இருந்தும் 2024 செப்டம்பரில் மங்கோலியா புதினை வரவேற்றது. 2025 ஏப்ரலில் ஹங்கேரி நெதன்யாகுவை வரவேற்று, அந்த நீதிமன்றத்திலிருந்தே விலகப்போவதாகவும் அறிவித்தது. எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா, பின்லாந்து, போலந்து ஆகியவை ஆள்கொல்லிக் கண்ணிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா ஒப்பந்தத்திலிருந்து விலக 2025-இல் முடிவெடுத்தன. ரஷ்யாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் அவர்களின் பயம் புரிகிறது. ஆனால் புதைத்த கண்ணிவெடிக்குப் போர் முடிந்தது தெரியாது. மாடு மேய்க்கும் பிள்ளையின் காலுக்கும் அது வெடிக்கும்.

யாருமே மதிப்பதில்லை என்பதும் சரியில்லை. 2025 மே மாதம் மூன்று நாட்களில் ரஷ்யாவும் உக்ரைனும் ஆளுக்கு ஆயிரம் பேரை விடுவித்துக் கைதிகளை மாற்றிக்கொண்டன. ஒருவர் மீது ஒருவர் எத்தனையோ குற்றம் சொல்லும் நாடுகள் அவை. விடுபட்டு வந்த அந்த இரண்டாயிரம் பேரின் வீட்டுக் கதவுகளுக்குப் பின்னால் போய் இந்தச் சட்டம் வெறும் காகிதம் என்று சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக, 2009-இல் வன்னி. ஐ.நா. பொதுச்செயலர் நியமித்த நிபுணர் குழு 2011-இல் அறிக்கை தந்தது. அரசே அறிவித்த தாக்குதலற்ற வலயங்கள் மீதும் மருத்துவமனைகள் மீதும் ராணுவம் ஷெல் வீசியதாகவும், புலிகள் மக்களைப் பிடித்து வைத்துத் தப்ப முயன்றவர்களைச் சுட்டதாகவும், இரு தரப்பின் மீதும் நம்பத்தக்க குற்றச்சாட்டுகள் இருப்பதாக அது சொன்னது. இலங்கை அரசு அந்த அறிக்கையை ஏற்கவில்லை. உங்கள் விதியை அங்கே வைத்துப் பாருங்கள். அவர்கள் மீறியதால் இவர்கள் மீறலாம், இவர்கள் மீறியதால் அவர்கள் மீறலாம். இரண்டு தரப்புமே கை கழுவிக்கொண்டு போய்விடும். கடற்கரை மணலில் குழி தோண்டிப் பிள்ளைகளோடு பதுங்கியிருந்தவர்களுக்குப் பதில் சொல்ல யாரும் மிஞ்ச மாட்டார்கள். இதைத் தெரிந்துதான் கேட்டீர்களா?