பெயர் இருக்கும் பட்டியல்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் கருங்கல் பக்கத்தைச் சேர்ந்தவன். கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். வருகிற நவம்பர் 1 அன்று, குமரி மாவட்டம் தாய்த்தமிழகத்தோடு இணைந்த நாள் விழாவில் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். அதற்கான ஆலோசனைக் கூட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய கடற்கரையைச் சேர்ந்த தூத்தூர்க்காரர் ஒருவர் எழுந்து, “எங்களைக் கேரளத்தோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்” என்றார். நான் கோபத்தில், “இது 1954இல் குண்டடிபட்டுச் செத்தவர்களுக்குச் செய்யும் துரோகம்” என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசாமல் எழுந்து போய்விட்டார்.

இப்படிப் பேசுகிறவர்களின் மனத்தை எப்படி மாற்றுவது? தொலைக்காட்சியும் கைப்பேசியும் இல்லாத காலத்தில், குமரியைத் தமிழகத்தோடு இணைக்கப் போராடிய நேசமணியின் கட்சி மக்களை எப்படித் தன் பக்கம் சேர்த்தது? அவர்களுடைய பிரச்சார உத்தி என்ன? தமிழர்கள் வாழ்ந்த தேவிகுளம், பீருமேடு மலைப்பகுதிகள் கேரளத்தோடு சேர்ந்து நம் கையைவிட்டுப் போனதற்குக் காமராஜர்தான் காரணமா? இந்த வரலாற்றைச் சிறு காணொளிகளாகச் செய்து பரப்பலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உங்கள் கருத்தை எழுத வேண்டும்.

சுபின்

அன்புள்ள சுபின்,

காணொளி செய்யுங்கள், நல்லதுதான். காமராஜரைப் பற்றிய கேள்வியை விட்டுவிடுவோம். நம் மாவட்டத்தில் எல்லா நவம்பர் 1 மேடைகளிலும் அதைக் கேட்டு, அதே பதிலைச் சொல்லி, கைதட்டி வீட்டுக்குப் போகிறோம். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது, அந்த மனிதர் பதில் பேசாமல் எழுந்து போனார் என்ற வரி. சில வாரங்களாக என் பெரியப்பாவின் பழைய நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அவற்றில் இருப்பதும் நீங்கள் கேட்பதும் ஒன்றே என்பதால் உடனே எழுத உட்கார்ந்தேன்.

முதலில் உங்களைக் கடிந்துகொள்ள வேண்டும். ஒரு தூத்தூர்க்காரரிடம் நீங்கள் 1954ஐப் பற்றிப் பேசினீர்கள். அவரிடம் 2017ஐப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது நீங்கள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். கருங்கல்லில் ரப்பர் மரங்கள் ஒடிந்து விழுந்ததும், நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்ததும் நினைவில் இருக்கும். மேற்குக் கரையோரம் நீரோடி முதல் இரயுமன்துறை வரை, தூத்தூரையும் சேர்த்து, எட்டு ஊர்கள் இருக்கின்றனவே, அங்கே வீட்டுக்கு வீடு ஆண்கள் கடலில் இருந்தார்கள். அவர்கள் காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்கள் அல்லர். வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பவர்கள். எச்சரிக்கை வந்தபோது அது எட்டாத தொலைவில் இருந்தார்கள்.

அடுத்த நாள் கரையில் நின்ற பெண்கள் கேட்ட முதல் கேள்வி: எத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள்? அதற்கு அரசிடம் பதில் இல்லை. ஏன் இல்லை என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். தூத்தூர்க்காரரின் படகு பெரும்பாலும் கொச்சியிலிருந்து புறப்படும். மீனை ஏலம் விடுவதும் அங்கேதான். ரேஷன் அட்டை குமரி மாவட்டத்தில், தொழில் எர்ணாகுளத்தில், கோவில் பங்கு திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தில். ஆம், நாகர்கோவிலைச் சுற்றியுள்ள கடற்கரைப் பங்குகள் கோட்டாறு மறைமாவட்டத்தில் இருக்கும்போது, தூத்தூர்ப் பகுதிப் பங்குகள் திருவனந்தபுரத்தின் கீழ் இருக்கின்றன. அன்றைய பேராயர் சூசைப்பாக்கியமே மார்த்தாண்டன்துறையில் பிறந்தவர். ஆகவே, கொச்சியில் கேட்டால் இவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள், நாகர்கோவிலில் கேட்டால் கேரளப் படகில் போனவர்கள். இரண்டு அரசுகளின் ஏட்டிலும் அவர்கள் முழுதாக இல்லை.

அப்போது ஏட்டைத் திறந்தவர்கள் பங்குத்தந்தையர்களும் ஊர் இளைஞர்களும்தான். வீடு வீடாகப் போய் எந்தப் படகு, யார் யார் போனார்கள், எப்போது போனார்கள், கடைசியாக எப்போது பேசினார்கள் என்று எழுதினார்கள். அந்தப் பட்டியலுக்கும் அதிகாரிகள் தொலைக்காட்சியில் சொன்ன எண்ணுக்கும் நாளுக்கு நாள் பொருந்தவில்லை. தன் மகன் பெயர் ஊர்ப் பட்டியலில் இருக்கிறது, அரசு எண்ணில் இல்லை என்று அறிந்த ஒரு தாய் அதற்குப் பிறகு அந்த அரசு சொல்லும் எதை நம்புவாள்? டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தே குழித்துறை ரயில் நிலையத்துக்கு வந்து தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். தமிழக முதலமைச்சர் நேரில் வந்தது 12ஆம் தேதி. கேரளத்தோடு சேர்த்துவிடுங்கள் என்ற குரல் அந்த நாள்களில் எழுந்தது. நீங்கள் துரோகம் என்று பெயர் சூட்டியது அந்தக் குரலுக்கு.

கேரள அரசு அவர்களுக்கு எல்லாம் செய்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். டிசம்பர் முதல் வாரத்தில் விழிஞ்ஞத்துக்குப் போன கேரள முதலமைச்சர் பினராயி விஜயனை மக்கள் சூழ்ந்து நின்று திட்டினார்கள், அவர் வேறொரு காரில் ஏறித் திரும்ப வேண்டியிருந்தது. கடற்கரை மக்களின் கோபத்துக்கு மாநில எல்லை தெரியாது. அந்த நண்பர் உங்களிடம் சொன்ன வாக்கியத்தில் கேரளத்தின் மீதுள்ள காதலை விட நம் மீதுள்ள வருத்தம்தான் அதிகம். அதைக் கேட்கும் காது உங்களுக்கு அந்த மாலையில் இல்லாமல் போனது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இப்போது உங்கள் “பிரச்சார உத்தி”க்கு வருகிறேன். 1945இல் நாகர்கோவிலில் தொடங்கிய இயக்கம் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸாகி, 1952 தேர்தலில், அன்று குமரிப் பகுதி இருந்த திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தின் சட்டமன்றத்தில் 8 இடங்களைப் பிடித்தது. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1954 தேர்தலில் 12 இடங்கள். நேசமணி நன்றாகப் பேசுவார், கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஆதரவாக நின்றார், ஊருக்கு ஊர் கூட்டம் போட்டார்கள். இதெல்லாம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. நான் சொல்ல விரும்புவது என் பெரியப்பாவைப் பற்றி.

அவர் ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், எழுதுபவர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு சாய்ப்பில் உட்கார்ந்திருப்பார். தமிழும் மலையாளமும் எழுதத் தெரியும். விளவங்கோடு தாலுகாவில் அன்றைக்கு அது சாதாரண விஷயமில்லை. வீட்டில் தமிழ் பேசுகிறவனுக்கு நீதிமன்றத்திலிருந்து வரும் காகிதம் மலையாளத்தில் வரும். தன் நிலத்தைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அறிய அவன் இன்னொருவனிடம் போய் நிற்க வேண்டும். பெரியப்பா வாசித்துச் சொல்வார். பாதகமாக இருந்தாலும் உள்ளதைச் சொல்வார். அவர் எந்த மேடையிலும் ஏறியதில்லை, கட்சியில் பதவி வகித்ததும் இல்லை.

1954 ஜூலையில் நேசமணி, அப்துல் ரசாக், சிதம்பரநாதன் ஆகியோர் தேவிகுளம் பகுதிக்குப் போய்த் தடையை மீறிக் கைதானார்கள். ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. இது உங்களுக்குத் தெரியும். சுட்ட பிறகு வந்த வாரங்களைப் பற்றி மேடைகளில் யாரும் பேசுவதில்லை. இரவில் வீடு புகுந்து ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பலர் ஆரல்வாய்மொழியைத் தாண்டித் திருநெல்வேலி ஜில்லாவுக்கு ஓடினார்கள். யார் எந்த லாக்கப்பில், யார் தப்பி ஓடியவர், யார் செத்தவர் என்று வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியாது.

பெரியப்பா அப்போதுதான் அந்த நோட்டுகளை எழுதத் தொடங்கினார். பெயர், தகப்பன் பெயர், வீடு, எந்தக் கோர்ட்டில் வழக்கு, ஜாமீனுக்கு யார் வருவார், வீட்டில் மாடு உண்டா, அதற்கு யார் புல் அறுக்கிறார். ஆமாம், மாடு வரைக்கும் எழுதியிருக்கிறார். வக்கீல்கள் அந்த நோட்டைப் பார்த்துத்தான் வழக்குகளைப் பிரித்துக்கொண்டார்கள் என்று அப்பா சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவி தினமும் வந்து, தன் மகன் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று கேட்பாளாம். பெரியப்பா அவளுடைய விரலைப் பிடித்து அந்த வரியில் வைப்பார். அவள் சற்று நேரம் விரலை எடுக்காமல் இருந்துவிட்டுப் போவாள். நோட்டைப் புரட்டும்போது ஒரு பக்கத்தில் மட்டும் மை கலைந்து அழுக்கேறியிருக்கிறது. அது அவளுடைய வரியா என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அந்தக் கிழவியிடம் பெரியப்பா “நாம் தமிழகத்தோடு சேர வேண்டும்” என்று சொன்னால் அவள் ஏன், எதற்கு என்று கேட்டிருக்க மாட்டாள். அவளுடைய மகனைப் பற்றி அவர் சொன்னது ஒன்றுகூடப் பொய்யாகப் போனதில்லை. தம்பி, நீங்கள் தேடும் உத்தி இதுதான், வேறு எதுவும் இல்லை. ஒரு தாலுகா முழுக்க இப்படிப்பட்ட சில நூறு பேர் இருந்திருப்பார்கள். உபதேசியார்கள், பள்ளி ஆசிரியர்கள், வக்கீல் குமாஸ்தாக்கள், சாயாக்கடையில் பத்திரிகை வாசித்துக் காட்டியவர்கள். நேசமணியின் பேச்சு அவர்களுடைய வாய் வழியாகத்தான் வீடுகளுக்குள் போனது. மேடையில் கேட்டதை மறுநாள் காலையில் மக்கள் இவர்களிடம் வந்து சரிபார்த்துக்கொண்டார்கள். இவர்கள் ஆமாம் என்றால்தான் அது ஆமாம்.

எல்லைச் சிக்கலை முடித்துவைத்ததும் ஒரு கணக்குதான். ஃபசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையத்தில் மூன்று பேர். அவர்களில் ஒருவரான கே.எம். பணிக்கர் மலையாளி. அந்த ஆணையமே 1955 அறிக்கையில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்துக்குக் கொடுக்கச் சொன்னது. தேவிகுளத்தையும் பீருமேட்டையும் கொடுக்க மறுத்தது. அங்கே தமிழர்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். ஆனால் தோட்டத் தொழிலுக்கு வந்து போகிறவர்கள், நிலையான குடிகள் ஆகமாட்டார்கள் என்று ஆணையம் கருதியது. தலைமுறையாகத் தேயிலை கிள்ளியவர்களைக் குடிகளாக எண்ண மனம் வரவில்லை. உங்கள் காமராஜர் கேள்விக்கு இதற்குமேல் நான் போக விரும்பவில்லை. எண்ணப்பட்டும் சேர்க்கப்படாதவர்கள் அவர்கள். எண்ணப்படாமலே விடப்பட்டவர்கள் 2017இன் தூத்தூர்க்காரர்கள். விழா எடுக்கிறவர்களுக்கு இந்த இரண்டும் ஒரே நேரத்தில் கண்ணில் பட வேண்டும்.

துரோகி என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். 1954இல் சுட்ட அரசு, திருவிதாங்கூர்–கொச்சி முதலமைச்சர் பட்டம் தாணுபிள்ளையுடையது. அதில் நிதியமைச்சர் பி.எஸ். நடராஜ பிள்ளை. நாம் எல்லாக் கூட்டத்திலும் எழுந்து நின்று பாடும் நீராருங் கடலுடுத்த பாடலை எழுதிய மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையின் மகன். அவரைத் துரோகி என்று சொல்லி முடித்துவிடலாம். அந்தக் குறுகிய காலத்தில் நிலச் சீர்திருத்த மசோதாக்களைக் கொண்டுவர முயன்றவரும் அவர்தான் என்பதை எங்கே வைப்பீர்கள்? அதே நேரத்தில், பட்டம் தாணுபிள்ளையின் கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியா, சிறையிலிருந்தபடியே, சுட்ட அரசு பதவி விலக வேண்டும் என்று தன் கட்சி அரசையே கேட்டார். கட்சி அவரைக் கேட்கவில்லை, அவர் பொதுச்செயலாளர் பதவியை விட்டு விலகினார். நம்முடைய செத்தவர்களுக்காகப் பதவியைத் துறந்தவர் தமிழ் ஒரு சொல் அறியாத அந்த மனிதர். அவருக்கு உங்கள் மேடையில் ஒரு படம் உண்டா?

நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் 2004 முதல் கேரளம் தண்ணீர் விடவில்லை, ஆகவே கேரளத்தோடு சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்று நீங்கள் அவரிடம் வாதாடலாம். விளவங்கோட்டில் 9,200 ஏக்கர் காய்ந்தது பெரிய அநீதிதான். ஆனால் அவருக்கு வயல் இல்லை, கடல்தான் இருக்கிறது. வாதத்தில் நீங்கள் வெல்வீர்கள், அவர் மறுபடியும் எழுந்து போவார்.

உங்கள் மீது எனக்கு அன்பு இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன். இருபத்திச்சொச்சம் வயதில், வேலை இல்லாத நேரத்தில், ஊருக்காக ஒரு கூட்டத்துக்குப் போய் உட்கார உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. அந்த மனத்தைச் சண்டையில் வீணாக்காதீர்கள். விழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. கருங்கல்லிலிருந்து பஸ் பிடித்துச் சின்னத்துறைக்கோ வள்ளவிளைக்கோ போங்கள். பங்குத்தந்தையைப் பார்த்து, 2017இல் எழுதிய பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். பெயர்களை உங்கள் கையால் எழுதிக்கொள்ளுங்கள், அச்சடித்த தாளை வாங்கி வர வேண்டாம். காணாமல் போனவர் ஏழு ஆண்டு கழித்துத்தான் இறந்தவராகக் கருதப்படுவார் என்ற சட்ட விதி இருக்கிறது, அரசு அதைத் தளர்த்திய பிறகே பல குடும்பங்களுக்கு நிவாரணம் வந்தது. அதற்கு அந்தப் பெண்கள் எத்தனை அலுவலகங்களில் நின்றார்கள் என்று கேளுங்கள். இன்றைக்கு ஆழ்கடலில் இருக்கிறவர்களின் பெயர்ப் பட்டியல் மாவட்ட நிர்வாகத்திடம் இருக்கிறதா, யார் அதை வைத்திருக்கிறார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை திருத்துகிறார்கள் என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

மேடையில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் செத்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். அதோடு சேர்த்து நீங்கள் எழுதி வந்த பெயர்களையும் வாசியுங்கள். நேரம் போதாது என்று அமைப்பாளர்கள் சொன்னால் உங்கள் பேச்சை வெட்டிக்கொள்ளுங்கள். பெயர்களில் ஒன்றையும் வெட்ட வேண்டாம்.

அன்புடன்